பந்து படிக்காமல் இருந்த வருஷம்

லில்லிபாய் பந்தைப் பிடிக்கத்தான் குதித்தாள். பிடித்தும் விட்டாள். கீழே வரும்போது காலடியில் ஒரு தென்னங்குரும்பை, அந்த நிமிஷம் காற்றில் விழுந்தது, வந்து உருண்டது. முழங்கால் முட்டு ஒரு பக்கம், பாதம் ஒரு பக்கமாக மூட்டைபோல விழுந்தாள்.

அப்போதும் பந்தை விடவில்லை. பிள்ளையை அணைப்பதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு கிடந்தாள்.

"எட்டீ, பந்த விடு. பந்துக்கு ஒண்ணும் ஆவல்ல" என்றாள் எங்கள் கேப்டன் சரோஜினி.

"முட்டுக்கு?"

"அத ஆசான் வந்து சொல்லுவாரு."

நான் தண்ணீர்க் கூஜாவோடு ஓடி வந்து நின்றேன். அந்த டீமில் என் வேலை அதுதான். தண்ணீர் கொடுப்பது, பந்துக்குக் காற்று அடிப்பது. தோல் பந்து. மழையில் நனைந்தால் செத்த ஆட்டின் வாடை அடிக்கும், முழுப் பலாச்சக்கைபோலக் கனக்கும். அதைத் துடைத்துக் காயப்போடுவதும் நான்தான். விளையாடுவது மட்டும் என் வேலை இல்லை.

வர்ம ஆசான் வந்தார். முட்டைத் தடவினார், எண்ணெய் விட்டார், பச்சிலை வைத்துக் கட்டினார். அடுத்த மழைக்காலம் கழியாமல் இந்தப் பிள்ளை குதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, தென்னையில் அடித்திருந்த எங்கள் இரும்பு வளையத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "இதுக்குள்ள பந்தப் போட்டா என்ன கிட்டும்?" என்று கேட்டார்.

"கூலி கிட்டும் ஆசானே" என்றேன்.

நம்பாமல் போனார்.

கூலிக்குப் பந்து

அவர் நம்பாததில் தப்பில்லை. என் அம்மையே நம்பவில்லை.

பாறசாலைக்கும் செங்கலுக்கும் நடுவில் இருந்தது எங்கள் நெசவுக் கம்பெனி. முதலாளி ஏதோ நூல் வியாபாரமாக மெட்ராசுக்குப் போனவர், அங்கே ஒரு மைதானத்தில் பெண்பிள்ளைகள் பாஸ்கெட்பால் விளையாடுவதைப் பார்த்துவிட்டார். நூல் வாங்காமல் பந்து வாங்கிக்கொண்டு வந்தார். தறிக்காரிகளில் உயரமானவர்களாகப் பொறுக்கி டீம் உண்டாக்கினார். காலையில் திறந்த தாழ்வாரத்தில் தறி, மத்தியானத்துக்குமேல் பந்து. இரண்டுக்கும் ஒரே கூலி.

ஊரில் பேச்சு எழும்பியது. "நெய்யுததுக்குக் கூலி உண்டு. பந்து எறியுததுக்கு எவன் கூலி தருவான்? இது வேற எதுக்கோ ஆக்கும்" என்று சொல்லி, என் அம்மை ஒருநாள் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்தாள். சாயங்காலம்வரை கண்ணெடுக்காமல் பார்த்தாள். பிறகு எழுந்து, உடுத்திருந்த முண்டில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"பைத்தியம்தான். பயப்பட ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் அந்தக் கம்பெனிக்கு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் கிளாசில் எனக்கும் வாத்தியாருக்கும் ஒத்துவரவில்லை. யாராவது ஒருத்தர் போயாக வேண்டும் என்று ஆயிற்று. அவருக்கு அங்கே சம்பளம் உண்டு, எனக்கு இல்லை. அதனால் நான் போனேன்.

முதலாளி வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. பந்து விளையாடுகிறவள் வெளியே. விளையாடாதவள் உள்ளே.

உள்ளே என்றால் நூல் சுற்றும் கொட்டகை. கதவைத் திறந்தால் வெயில் கம்பு கம்பாக விழும், அந்தக் கம்பு முழுக்கத் தூசி ஆடும். மூக்கு, புருவம், சோற்றுப் பாத்திரம் எல்லாவற்றிலும் பஞ்சு. எங்களுக்கு அது தும்மலோடு போயிற்று. லில்லிபாய்க்கு நெஞ்சுக்குள் போயிற்று.

அவள் அம்மையும் அதே கொட்டகையில்தான் இருந்தவள். கடைசிக் காலத்தில் படுக்க முடியாமல், தலையணையை மடியில் வைத்து உட்கார்ந்தே தூங்கினாள். லில்லிபாய்க்கும் மூச்சில் சின்ன விசில் கேட்கத் தொடங்கியது. மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர், இனி அந்தக் கொட்டகைப் பக்கமே போகாதே என்று சொல்லி அனுப்பினார். போகாமல் எங்கே போவாள்? அப்போதுதான் பந்து வந்தது. அவள் போர்டிங் பள்ளிக்கூடத்தில் படித்தபோதே விளையாடியவள். உயரம் வேறு. வெளியே வந்தாள், விசில் நின்றது.

இப்போது முட்டு போயிற்று. சட்டப்படி மறுநாள் காலையில் அவள் கொட்டகைக்குள் போக வேண்டும்.

சரோஜினி பேசிய பேச்சு

சரோஜினி பேச்சில் கெட்டிக்காரி. வீட்டில் மலையாளம், கம்பெனியில் தமிழ், முதலாளியிடம் இரண்டும்.

"லில்லிக்குப் பதிலா ஆரு?" என்று கேட்டார் முதலாளி.

அவள் சுற்றிப் பார்த்தாள். வளர்ந்த பெண் என்று மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான். கையில் கூஜா.

"செல்லம்மை."

"இவளா? இவளுக்குப் பந்து தெரியுமா?"

"காத்தடிக்கத் தெரியும்" என்றேன்.

"கேட்டியளா முதலாளி? இவளுக்குப் பந்து ஏது, பூசணிக்கா ஏதுண்ணு தெரியாது. தினமும் பக்கத்துல நிண்ணு படிப்பிக்க ஆளு வேணும். லில்லி நொண்டினாலும் வாயி நொண்டல்ல அல்லியா?"

முதலாளி தாடையைச் சொறிந்தார். "செரி. இவ படிக்குதவரைக்கும் லில்லி வெளிய இருக்கட்டு. இவ படிச்சாச்சுண்ணு எனக்குத் தோணினா, அண்ணைக்கே அவ கொட்டகைக்கு."

அவர் போனபிறகு சரோஜினி என்னைத் தனியே கிணற்றடிக்கு அழைத்துப் போனாள்.

"மக்கா, நீ மாட்சில ஜெயிக்கணும். தோத்தா டீமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாரும் கொட்டகைக்குப் போவேண்டியதுதான்."

"செரி."

"ஆனா முதலாளி பாக்கும்போ நீ மண்டியா, ஒண்ணும் வராதவளா இருக்கணும். லில்லி குதிக்குதவரைக்கும்."

"அவளுக்குத் தெரியுமா?"

"அவகிட்ட மூச்சு விடாதே. மானக்காரியாக்கும். தெரிஞ்சா இண்ணைக்கே நொண்டிட்டுப் போயி கொட்டகைக்குள்ள இருப்பா."

முட்டாளாக இருப்பதற்கு ஆள் தேடி வந்தது என் வாழ்க்கையில் அது ஒருதடவைதான். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வளரும் வளையம்

முதலாளி தினமும் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் வந்து நிற்பார். அவர் தலை தெரிந்ததும் பந்து என் கைவழியாக நழுவும், மூக்கில் இடிக்கும், பாவாடையில் சிக்கும். ஒருநாள் என் தலையிலேயே போட்டுக்கொண்டேன். அது கொஞ்சம் அதிகம் என்று சரோஜினி கண்ணைக் காட்டினாள்.

பாவம் லில்லிபாய். கம்பை ஊன்றி நின்று, தொண்டை வற்றச் சொல்லிக்கொடுப்பாள். "முட்ட மடக்கு. கைய மேல கொண்டு போ. பந்த தள்ளாத, பூ எறியுதது போல விடு." முதலாளி போனதும் நான் சரியாகப் போடுவேன். "இப்பம் வருது பாத்தியா! அவரு நிக்கும்போ உனக்குக் கை விறைக்குது. பயம், வேற ஒண்ணும் இல்ல" என்று என்னைச் சமாதானப்படுத்துவாள்.

மைதானத்தில் எதிரும் புதிருமாக இரண்டு தென்னைகள், கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. இரண்டிலும் இரும்பு வளையத்தை ஆணி வைத்து அடித்திருந்தார் முதலாளி. தென்னை வளரும் அல்லவா? அதோடு வளையமும் மேலே போய்விடும் என்று அவருக்கு நிச்சயம். அதனால் வருஷம் ஒருதடவை ஆணியைக் கழற்றி ஒரு சாண் கீழே இறக்கி அடிப்பார். நாங்களும் அதை நம்பினோம். தென்னைகளுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவர்கள்தான் எல்லோரும். ஒருத்திக்கும் தோன்றவில்லை.

நெய்யாற்றின்கரையில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில்தான் வெளியூரில் எங்கள் முதல் விளையாட்டு. அங்கே நட்டுவைத்த தூண். நாங்கள் போட்ட பந்தெல்லாம் வளையத்துக்குக் கீழே பலகையில் மோதி எங்கள் முகத்துக்கே திரும்பி வந்தது. "இந்த ஊரு வளையம் ஏன் இவ்வளவு பொக்கமா, எட்டாத உயரத்துல இருக்கு?" என்று சரோஜினி நடுவரிடம் சண்டைக்குப் போனாள். அந்த மனுஷன் அளவுக் கம்பைக் கொண்டுவந்து காட்டினார்.

லில்லிபாய் ஓரத்தில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "வருஷா வருஷம் இறக்கினாரே முதலாளி! ஆணி அடிச்ச எடத்துலதான் ஆணி இருக்கும். மரம் உச்சியிலயல்லவா வளரும்!"

அன்றைக்குத் தோற்றோம். முதல் விளையாட்டு என்று முதலாளி டீமைக் கலைக்கவில்லை. திரும்பி வந்து லில்லிபாய் அவரிடம் வளையத்தை ஏற்றி அடிக்கச் சொன்னாள். அவர் மறுத்துவிட்டார். இனி ஏற்றினால் அடுத்த வருஷம் கைக்கு எட்டாமல் போகுமாம்.

லில்லிபாய் ஒரு பழைய கடவத்தின், அந்த ஓலைக் கூடையின், அடியை வெட்டியெடுத்து, வளையத்துக்கு மேலே சரியான உயரத்தில் எங்களைக்கொண்டு கட்டவைத்தாள். நாங்கள் அதற்குள் போட்டுப் படித்தோம். "இது என்னத்துக்கு?" என்று முதலாளி கேட்டபோது, காக்கா உட்காராமல் இருக்க என்று நான் சொன்னேன். காக்கா அதன்மேலேயே உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பிறகு ஜெயிக்கத் தொடங்கினோம்.

எந்தப் பக்கம்?

அது எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த காலம். மலையாள நாட்டில் இருந்த இந்த ஊர்கள் தமிழ்நாட்டோடு சேரணும் என்று ஒரு ஊர்வலம் போகும். சேரக் கூடாது என்று இன்னொன்று எதிரே வரும். என் அண்ணன் ஒன்றில், சரோஜினியின் அண்ணன் மற்றதில். முகத்துக்கு முகம் நின்று தொண்டை கிழியக் கத்துவார்கள். அப்புறம் இரண்டு பேரும் எங்களிடம் கேட்பது ஒரே கேள்வி: "அடுத்த மாட்சு எப்பம்?"

எங்கள் சட்டையில் கம்பெனி பேரைத் தைக்க முதலாளி ஆசைப்பட்டார். தமிழில் தைத்தால் பாதி ஊர் முறைக்கும், மலையாளத்தில் தைத்தால் மீதி ஊர். இங்கிலீஷில் தைக்கலாம் என்றால் சரியா தப்பா என்று பார்க்க ஆளில்லை. கடைசியில் எண் மட்டும் தைத்தார்.

வழியில் வேனை நிறுத்திப் போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்ப்பார். "நிங்ஙள் ஏது பக்ஷம்?"

"ஜெயிக்குத பக்கம் ஏமானே" என்பாள் சரோஜினி.

இந்த நிறுத்தல், கல்லெறி, பஸ் மறியல் எல்லாவற்றுக்கும் பயந்து முதலாளி வெளியூர் மாட்சுக்கு வருவதில்லை. அது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. நான் பந்து போட்டதை அவர் பார்க்கவில்லை. யார் போட்டது என்று கேட்டால், "எல்லாம் நான்தான்" என்பாள் சரோஜினி. முதலில் எனக்காகச் சொன்னாள். பிறகு அவளுக்கே அது உண்மையாகிவிட்டது. "நேத்து நான் போட்ட அந்தப் பந்தப் பாத்தியா?" என்று ஒருதடவை என்னிடமே கேட்டாள். பார்த்தேன் என்றேன். நான்தானே போட்டேன், பார்க்காமல் எப்படிப் போடுவது?

மரத்துக்கு ஒருத்தர்

கோப்பைக்கான கடைசி மாட்சு ஓட்டுக் கம்பெனிப் பெண்களோடு. அவர்கள் களிமண் சுமக்கிறவர்கள். தோளைப் பார்த்தாலே நமக்கு மூச்சு வாங்கும். நெய்யாற்றின்கரையில் நாள் குறித்தார்கள். அதே வாரம் போலீஸ் தடையும் வந்தது. ஐந்து பேர் ஓரிடத்தில் கூடக் கூடாது.

சப் இன்ஸ்பெக்டர் முதலாளியைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அஞ்சு பேர் கூடியால் அது கூட்டம். உங்கள் டீமே ஒரு கூட்டமாணு."

"நாலு பேரா விளையாட முடியாதே ஏமானே. அதக் கண்டுபிடிச்சவன் அஞ்சுண்ணு வச்சுப்போட்டான்."

முதலாளி அங்கேயே உட்கார்ந்து கெஞ்சி, கடைசியில் ஒப்புதல் வாங்கினார். விளையாடலாம். பார்க்க ஆள் கூடக் கூடாது, கோஷம் எழும்பக் கூடாது.

நாங்கள் போய் இறங்கியபோது மைதானம் காலியாக இருந்தது. சுற்றியிருந்த தென்னைகள் காலியாக இல்லை. மரத்துக்கு ஒருத்தர் ஏறி உட்கார்ந்திருந்தார். என் அண்ணன் ஒன்றில், சரோஜினியின் அண்ணன் அடுத்ததில். சப் இன்ஸ்பெக்டர் அண்ணாந்து பார்த்து யோசித்தார். ஒரு மரத்தில் ஒருத்தர் இருந்தால் அதைக் கூட்டம் என்று சொல்ல அவருக்குச் சட்டம் கிடைக்கவில்லை.

கோஷம் கூடாது என்பதால் யாரும் வாய் திறக்கவில்லை. பந்து உள்ளே விழுந்தால் ஓலையைப் பிடித்து உலுக்குவார்கள். சடசடவென்று மழை வருவதுபோல ஒரு சத்தம், பிறகு அமைதி. அந்த அமைதியில் ஓரத்திலிருந்து லில்லிபாயின் குரல் மட்டும் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது. "முட்டு... கை... பூ போல."

முதலாளி அன்றைக்கு வந்திருந்தார். தோற்றால் டீம் இல்லை, ஜெயித்தால் கோப்பை. அதனால் முட்டாளாக இருக்க நேரமில்லாமல் போயிற்று. நான் போட்டேன். திரும்பவும் போட்டேன். ஓலைகள் ஆடின.

பாதி நேரம்

பாதி நேரத்தில் முதலாளி ஒரு மட்டி வாழைப்பழத்தை அவர் கையாலேயே உரித்து என்னிடம் நீட்டினார்.

"கொள்ளாம் பிள்ளே! நீ நல்லா படிச்சாச்சு. இந்த டீமுக்கு இனி ஒரு குறவும் இல்ல. நான் இருக்குதவரைக்கும் டீம் உண்டு." பிறகு லில்லிபாய் பக்கம் திரும்பினார். "நீ திங்கக்கிழம முதல் கொட்டகைக்குப் போயிரு."

லில்லிபாய் சிரித்தாள். அதுதான் எனக்கு இன்றைக்கும் புரியாதது. முகம் வெளுத்துப் போயிற்று, ஆனால் சிரித்தாள். "நான் சொன்னேன் அல்லியா முதலாளி, இவளுக்கு வரும்ணு?" என்றாள். அவ்வளவு பெருமை.

நான் பழத்தைத் தின்றேன். சரோஜினி என்னைப் பார்த்தாள். நான் சரோஜினியைப் பார்த்தேன்.

"டீம் உண்டுண்ணு சொல்லியாச்சு அல்லியா?" என்று கேட்டேன்.

"சொல்லியாச்சு."

"தோத்தாலும்?"

அவள் கோப்பை இருந்த பக்கம் பார்த்தாள். அந்தக் கோப்பைமேல் அவளுக்கு இருந்த ஆசையை நான் அறிவேன். அதை வைக்க வீட்டில் அலமாரியில் இடம்கூட ஒழித்துவைத்திருந்தாள்.

பாதி நேரம் முடிந்தால் இரண்டு டீமும் பக்கம் மாற வேண்டும். மாறினோம். ஆட்டம் நெருக்கமாகப் போயிற்று. அவர்கள் ஒன்று போட்டால் நாங்கள் ஒன்று. முடியப்போகிற நேரம், நாங்கள் ஒரே ஒரு பாயிண்ட் முன்னால். பந்து சரோஜினி கையில். எங்கள் சொந்த வளையத்துக்குக் கீழே நான் நின்றேன், பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. அவள் என்னிடம் பந்தை எறிந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் முட்டை மடக்கினேன். கையை மேலே கொண்டு போனேன். எங்கள் வளையத்துக்குள்ளேயே போட்டேன்.

ஓட்டுக் கம்பெனிக்காரிகள் வாயைப் பிளந்து நின்றார்கள். நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊத மறந்தார். ஓலை ஒன்றும் ஆடவில்லை. முதலாளி மட்டும், "எடீ கழுதே! அது நம்ம வளையமாக்கும்டீ!" என்று மைதானம் அதிரக் கத்தினார்.

"முதலாளி, கோஷம் பாடில்ல!" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

அந்தப் பந்து அவர்கள் கணக்கில் இரண்டு பாயிண்டாக ஏறியது, தோற்றோம்.

முதலாளி குடையைத் தரையில் குத்தி ஒடித்தார். "லில்லீ! இந்த மண்டிக்குக் கையும் காலும் படிப்பிச்ச நீ, திசை படிப்பிக்க மறந்துபோனியே! எனக்கு மாத்த வேற ஆளும் இல்லையே! திங்கக்கிழமையிலேருந்து திரும்பவும் முதல்ல தொடங்கு!"

வேனில் திரும்பினோம். லில்லிபாய் என் பக்கத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். "எனக்க மானத்த வாங்கிட்டியேடீ" என்று மட்டும் சொன்னாள்.

அமரவிளை தாண்டியபிறகு திரும்பினாள்.

"எட்டீ செல்லம்மே. அந்தப் பந்து வளையத்துல தொடவே இல்ல."

"அப்படியா?"

"தெரியாம எறியுதவளுக்கு அப்படி விழாது."

நான் ஜன்னலுக்கு வெளியே தென்னைகளை எண்ணினேன். அவள் என் தொடையில் நல்ல வலுவாக ஒரு கிள்ளு கிள்ளினாள். முன் சீட்டில் சரோஜினி மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை

சாயங்காலம் முதலாளி புதுக்குடையோடு வந்து நின்றார். லில்லிபாய் கம்பை ஊன்றி மைதானத்து நடுவில் நின்றாள். மூச்சில் விசில் இல்லை.

"பாத்துச் சொல்லு மக்கா. நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றாள், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். "கிழக்கு எது?"

நான் யோசித்தேன். நெற்றியைச் சுருக்கினேன். பிறகு கையை நீட்டி, கடல் பக்கம் இறங்கிக்கொண்டிருந்த சூரியனை நேராகக் காட்டினேன்.

முதலாளி சூரியனைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"அடுத்த மழ கழிஞ்சாலும் இது படிக்காது" என்று லில்லிபாயிடம் சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.